கிக்கரை மிதிப்பதற்கு முன்

வருஷக்கணக்கில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த புல்லட் பட்டறைக்கு வந்தால், கூட வருபவர் முதலில் கேட்பது "ஸ்டார்ட் ஆகுமா?" என்றுதான். ஆகும். புதுப் பிளக் போட்டு, கார்புரேட்டரில் கொஞ்சம் நல்ல பெட்ரோல் விட்டு மிதித்தால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும். வண்டி கெடுவதும் அந்தச் சில மிதிகளில்தான். பாகங்களில் ஆயில் வற்றிப்போன எஞ்சினை ஓட விட்டால், சொற்பச் செலவில் முடியவேண்டிய வேலை போருக்கும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) கிராங்குக்கும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) போய் நிற்கும்.

இங்கே பேசுவது ராயல் என்ஃபீல்டின் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் புல்லட் 350. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. 1955இல் சென்னையில் வேரூன்றியதிலிருந்து அரை நூற்றாண்டு பெரிய மாற்றம் இல்லாமல் வந்த எஞ்சின் என்பதால் சாமான் இன்றும் கிடைக்கிறது. கிடைப்பதெல்லாம் தரமானதா என்பது வேறு விஷயம்.

ஸ்பானரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா? பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் ஒத்துவராத வண்டிக்குச் செலவழிப்பது வீண்.

அடுத்து ஆயில். இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தால், தொட்டியில் இருக்கும் ஆயில், பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயிலே இல்லை என்று தோன்றும். அதை நம்பி மேலே ஒரு லிட்டர் ஊற்றினால் ஸ்டார்ட் ஆனதும் பிரீதர் பைப்பில் (எஞ்சின் காற்று வெளியேறும் குழாய்) ஆயில் கொட்டும், சைலன்சரில் புகை மண்டும். "பிஸ்டன் ரிங் போச்சு" என்று எஞ்சினைப் பிரிக்கவைக்கும் புகை பல நேரம் இதுதான். எனவே அடியில் உள்ள டிரெயின் நட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி முழுக்க வடிக்க வேண்டும். ஃபில்டரை மாற்றி, அது உட்காரும் குழியிலும் ஆயில் நிரப்பி மூட வேண்டும். 20டபிள்யூ50 ஆயில் ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் பிடிக்கும்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பிளக் போடாமலே கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். நகர்ந்தால் நல்லது, பிளக் இல்லாமலே நாற்பது ஐம்பது தடவை மெதுவாக மிதித்து ஆயிலை மேலே ஏற்றலாம். நகரவில்லை என்றால் கிக்கர் மேல் ஏறி நிற்கக் கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு நாலைந்து நாள் ஊறவிட்டு, நாலாவது கியர் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைத் தூக்குவதுதான் மரியாதை. சிலிண்டர் சுவரில் துருக் குழி விழுந்திருந்தால் லேத்துக்குப் போய் ரீபோர் (துளையைப் பெரிதாகக் கடைதல்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்.

கரெண்ட் பக்கத்தில் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். அது செத்தால் பாயிண்ட் (மூடித் திறந்து பிளக்குக்குப் பொறி தரும் சுவிட்ச்) முகம் கருகும், சூடானதும் வண்டி மிஸ் அடிக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்குக்கு (பொறி விழும் நேரம்), கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். பட்டறையில் இதற்கு ஒரு சைக்கிள் ஸ்போக்கும் ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரும் போதும். ஸ்போக்கைப் பிளக் ஓட்டையில் விட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஒரு கீறல், அதற்கு 0.8 மி.மீ. மேலே இன்னொரு கீறல். சாவியைப் போட்டால் பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். திறந்த நொடியில் துள்ளி நடுவுக்கு வரும். அந்தத் துள்ளலும் கீறலும் ஒன்றாக விழும்வரை பாயிண்ட் உட்காரும் பிளேட்டைத் திருப்பி இறுக்க வேண்டும்.

டேப்பட்டில் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) நடக்கும் தவறு, சத்தம் வரக் கூடாது என்று இறுக்கிவிடுவது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் தடையின்றிச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். இறுக்கமாக வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க உட்காராமல் கருகும். இந்த வண்டிக்குக் கொஞ்சம் "டிக் டிக்" இருக்கத்தான் செய்யும்.

டாங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊதவைக்கும். பெட்ரோல் டியூப், காக் வாஷர், ஃப்ளோட் நீடில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போச்சு.

இதில் எதையும்விட முக்கியம் பிரேக். லைனிங் தடிமனாகத்தான் இருக்கும், ஆனால் ஒட்டியிருக்கும் பசை காய்ந்து ஷூவிலிருந்து உரிந்து வரும். ஓடும்போது அது கழன்று டிரம்முக்குள் மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான்கு ஷூவும் புதிதாகவே போடுங்கள். பழைய தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள், அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும். பட்டன் (டயரின் மேல் கட்டை) நிறைய இருந்தாலும் பழைய டயர் கல்லாகியிருக்கும். இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் கியரை மிதிப்பார். காலி மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வருவது நல்லது.

ஸ்டார்ட் ஆனதும் ராக்கர் ஆயில் பைப்பின் (ஹெட்டுக்கு ஆயில் ஏற்றும் குழாய்) போல்ட்டை ஹெட் அருகே இரண்டு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஆயில் கசிய வேண்டும். வராவிட்டால் உடனே ஆஃப் செய்துவிட்டுப் பம்பைப் பார்க்க வேண்டும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை இறுக்கி, டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும். ஐந்நூறில் ஆயில் மாற்றும்போது வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை, பல வருட அழுக்கு அது. பித்தளை நிறத்தில் மினுமினுத்தால் பிக் எண்ட் புஷ் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்துப் புஷ்) தேய்கிறது. அன்றைக்கே வண்டியை நிறுத்திக் கிராங்கை அழுத்திப் பிரித்துச் சேர்க்கும் பிரஸ் பட்டறைக்கு அனுப்புங்கள்.