முதலில் புஷ், கடைசியில் ஸ்பிரிங்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்புறத்தில் நிற்கும் காண்டெஸா கிளாசிக் காரின் பின் சஸ்பென்ஷனுக்கு எதையெல்லாம் மாற்றுவது என்று முடிவெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றில் மூன்று மாதங்களை ஸ்பிரிங்கைப் பற்றி மட்டுமே யோசித்து வீணாக்கினேன். பழைய வண்டியைத் தூக்கி நிறுத்தும் எண்ணத்தில் இருப்பவர்கள் அந்த மூன்று மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை தயாரான இந்த வண்டி, பிரிட்டனின் வாக்ஸால் வடிவமைப்பிலிருந்து வந்தது. நீண்ட பானெட்டையும் அகன்ற பின்பக்கத்தையும் பார்த்து இதை இந்தியாவின் மஸில் கார் (பெரிய என்ஜின் பூட்டிய வலுவான கார்) என்று அழைப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பெயரில் உடன்பாடுதான். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பின்னால் இருப்பவை பட்டை ஸ்பிரிங்குகள். பட்டை, எடையைத் தாங்குவதோடு, பின் அச்சின் உறையான ஹவுசிங் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. காண்டெஸாவில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கு அந்தத் திறன் இல்லை. எனவே முன்பின் நகர்வைத் தடுக்க நீளவாக்கில் கம்பிகளும், பக்கவாட்டு நகர்வைத் தடுக்கக் குறுக்கே ஒரு பன்ஹார்ட் ராடும் தேவைப்படுகின்றன. அவற்றின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் புஷ்கள், அதாவது போல்ட்டைச் சுற்றி அமரும் ரப்பர் வளையங்கள், தேய்ந்துவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் பயனில்லை.

எனக்கு இது அப்போது தெரியாது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. வளைவில் வால் ஒதுங்கியது. இரண்டுக்கும் காரணம் தளர்ந்த ஸ்பிரிங்தான் என்று முடிவு கட்டி, 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பியில் புதிய ஸ்பிரிங் சுற்றித் தரச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணினேன். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது; மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் விறைப்பை ஏறக்குறைய 38 சதவீதம் கூட்டிவிடும். டிக்கி காலியாக இருக்கும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளியது. ஏரியை ஒட்டிய கென்சிங்டன் ரோடு வளைவிலோ வால் முன்பு போலவே ஒதுங்கியது.

அதன் பிறகுதான் எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பன்ஹார்ட் ராடு புஷ்ஷுக்குள் கடப்பாரையை விட்டு நெம்பிக் காட்டினார். ஹவுசிங் முழுவதும் பக்கவாட்டில் விரற்கடை அளவு நகர்ந்தது. "தம்பி, ஸ்பிரிங்கு வண்டியைத் தாங்கும். ஹவுசிங்கை இழுத்துப் பிடிக்கிறது இந்தக் கம்பிங்கதான்" என்றார்.

அமெரிக்க மஸில் கார்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1967 கமாரோவில் பின்னால் ஒற்றைப் பட்டைதான் இருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஹவுசிங் முறுக்கிக்கொண்டு சக்கரம் தத்தியது. 1968-இல் ஒரு ஷாக்கை (துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரை) ஹவுசிங்கின் முன்புறமும் மற்றொன்றைப் பின்புறமும் மாற்றிப் பொருத்தினார்கள். அதிக சக்தி கொண்ட வண்டிகளுக்குப் பல பட்டைகளும் வந்தன. கிரைஸ்லர் வண்டிகளில் ஹவுசிங்கைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னே தள்ளி வைத்தார்கள். குட்டையான முன்பாதி முறுக்கைத் தாங்கிக்கொண்டது. என்னுடைய 1.8 லிட்டர் இசுஸு என்ஜினுக்கு அத்தனை வலு இல்லை. ஆனால் ஹவுசிங்கை அதன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மற்றவற்றை எண்ண வேண்டும் என்பது இரு வண்டிகளுக்கும் பொது.

புஷ்களுக்காக, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் நான்கு சனிக்கிழமைகள் அலைந்தேன். ரப்பரைவிட விறைப்பான செயற்கைப் பொருளான பாலியூரித்தேன் போடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். அது நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது நீளவாக்குக் கம்பிகள் தம் அச்சிலேயே சற்று முறுக வேண்டியிருக்கிறது. ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் முரண்டு பிடிக்கும், அந்தச் சுமை கம்பியைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் மேல் விழும். ஆகவே நீளவாக்குக் கம்பிகளுக்கு ரப்பரையும், பன்ஹார்ட் ராடுக்கு மட்டும் பாலியூரித்தேனையும் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

பன்ஹார்ட் ராடு, வண்டி சும்மா நிற்கும்போது தரைக்கு இணையாக இருப்பது நல்லது. 900 மில்லிமீட்டர் நீளமுள்ள ராடு கிடைமட்டத்திலிருந்து 75 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் ஹவுசிங் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர்தான் விலகும். ஏற்கெனவே 75 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும் ராடு அதே திசையில் மேலும் அதே அளவு நகர்ந்தால், கூடுதலாக 9 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். வண்டியை அழகுக்காக உயர்த்துபவர்களும் தாழ்த்துபவர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

புஷ்கள் முடிந்த பிறகு, பழைய அளவான 12 மில்லிமீட்டர் கம்பியிலேயே புதிதாக ஸ்பிரிங் சுற்றி வாங்கினேன். வண்டி சரியான உயரத்துக்கு வந்துவிட்டது. வளைவில் வால் ஒதுங்குவதும் நின்றுவிட்டது.

இனி ஷாக்குகள் மட்டும் பாக்கி. ஹவுசிங் மேலே ஏறி, அதன் ஏற்றத்தைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்போது மேல், கீழ் பிடிமானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட ஷாக்கின் சுருங்கிய நீளம் குறைவாக இருக்க வேண்டும். விரிந்த நீளமோ, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கழன்றுவிடும் அளவுக்குப் போகக் கூடாது. இவ்விரண்டு அளவுகளையும் எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை அந்தத் தாளோடும் ஒரு டேப்போடும் மறுபடி ஜே.சி. ரோட்டுக்குப் போகிறேன்.