மாமனார் வீட்டு ஹெரால்டுக்கு எஞ்சின் வேலை

கிளட்சை மிதித்தால் எஞ்சினின் முன்பக்கப் புல்லி, அதாவது ஃபேன் பெல்ட் ஓடும் சக்கரம், அசையக் கூடாது. எங்கள் ஹெரால்டு காரில் அசைந்தது. மனைவியை உள்ளே உட்கார வைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு, பானட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் வந்து போனது. “என்னங்க, மூச்சு விடுதா?” என்று உள்ளிருந்து கேட்டாள். அதுவரை பிஸ்டன் ரிங்கு மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இருந்தேன். அன்றைக்கு எஞ்சினை இறக்குவது என்று முடிவானது.

வண்டி மாமனாருடையது. 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார், இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்தது. இங்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961இலிருந்து செய்தார்கள். “நம்ம மெட்ராஸ் வண்டிங்க மாப்ளே” என்று மாமனார் இன்றைக்கும் சொல்வார். நாலு சிலிண்டர், 948 சிசி, 63 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம்.

இறக்குவதற்கு முன்னால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் நூறு பி.எஸ்.ஐ.யை ஒட்டி, மூன்றாவது மட்டும் 60. பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், மற்ற மூன்றும் ஏறின, மூன்றாவது ஏறவே இல்லை. ஆயில் விட்டு ஏறினால் ரிங்கில் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. ஆக என் வண்டிக்கு இரண்டுமே இருந்தது, கூடவே அந்தப் புல்லியும்.

ஸ்பானர் விஷயத்தில் முதல் நாளே அடிபட்டேன். இந்த வண்டியில் எல்லாம் இன்ச் அளவு. அரை இன்ச் போல்ட்டுக்கு 13 மி.மீ. ஸ்பானர் பொருந்துவது போலவே இருக்கும், அழுத்தினால் தலையை வழித்துவிடும். இரண்டு போல்ட்டைக் கெடுத்த பிறகு கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு செட் இன்ச் ஸ்பானர் வாங்கினேன். செயின் பிளாக் வாடகைக்கு. மூன்று இரும்புக் குழாயை மேலே சேர்த்துக் கட்டி, கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, எஞ்சினை மட்டும் தூக்கினோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் உதவிக்கு. மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. அந்த நாற்காலி அடுத்த ஐந்து மாதமும் அங்கேயே இருந்தது.

கழற்றுவது சுலபம், அடுக்கி வைப்பதில்தான் வேலை. வால்வுகளைத் தூக்கிவிடும் டாப்பெட் எட்டும் தத்தம் ஓட்டைக்கே திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொன்றும் கேம் தண்டின் ஒரு மேட்டோடு தேய்ந்து பழகியது, இடம் மாறினால் இரண்டையும் தின்றுவிடும். முட்டை அட்டையில் 1 முதல் 8 வரை எழுதி உட்கார வைத்தேன். புஷ்ராடுகளைத் தெர்மாகோலில் வரிசையாகக் குத்தி வைத்தேன். பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்கைப் பிடிக்கும் மூன்று மெயின் கேப்பிலும் பஞ்ச் உளியால் புள்ளி வைத்துக்கொண்டேன்.

பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பு) காலியான பிறகு பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளை, அதாவது தண்ணீர்ப் பாதையை மூடியிருக்கும் தகட்டு மூடிகளை, தட்டி எடுத்தேன். அங்கேதான் மாமனாரின் நாற்பது வருட வழக்கு தீர்ந்தது. இந்த வண்டி என்றைக்குமே சூடாகும் வண்டி. மூன்று முறை ரேடியேட்டர் வேலை பார்த்திருக்கிறார், ஃபேன் பெல்ட் மாற்றியிருக்கிறார், தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருக்கிறார். நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் துருவும் உப்பும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எல்லாம் எங்கள் ஊர் போர் தண்ணீரின் உபயம். ஸ்க்ரூடிரைவரால் குத்தி, சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுரண்டி, ஒரு பெயின்ட் டப்பா நிறைய எடுத்தேன். மாமனார் டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார். “மூணு ரேடியேட்டருங்க மாப்ளே” என்றார். அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை.

பிளாக்கையும் கிராங்கையும் ஆவாரம்பாளையத்தில் ஒரு போரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அளந்து பார்த்த பெரியவர், இது ஏற்கெனவே 20 ஓவர்சைஸ் போட்ட பிளாக் என்றார். தேய்ந்த சிலிண்டரை அகலமாக வெட்டிப் பெரிய பிஸ்டன் போடுவதுதான் ஓவர்சைஸ். 20 என்றால் ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 20 பங்கு. லேத் பேச்சில் இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் ‘தௌ’ என்பார்கள். போர் நீள்வட்டமாகியிருந்ததால் இனி 40தான் போட வேண்டும். “சரிங்க, போட்டுருங்க” என்றேன். “பிஸ்டன் எங்கீங்க?” என்று கேட்டார். வாங்கிக்கொள்ளலாம், முதலில் போர் போட்டு வையுங்கள் என்றதும் சிரித்துவிட்டார். “டப்பாவுல 40ன்னு எழுதியிருந்தா பிஸ்டன் 40 ஆயிருமுங்களா? கையில கொண்டாந்து குடுங்க. அதை அளந்துதான் நான் கட்டிங் வைப்பேன்.”

பிஸ்டனுக்கு இரண்டு மாதம் ஆனது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் இதே வம்சம்தான் என்பதால் அங்கே இன்றைக்கும் பேக்கிங் (கசியாமல் இடையில் வைக்கும் அடைப்பு), பேரிங் எல்லாம் கிடைக்கிறது. மெயின் பேரிங், த்ரஸ்ட் வாஷர், ஹெட் பேக்கிங் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் பிஸ்டனுக்கு அவர்கள் சொன்ன விலையோடு கஸ்டம்ஸையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன். வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. நாலாவது கடையில் “ஹெரால்டா, அதெல்லாம் எங்கப்பா காலம் சார்” என்றார்கள். ஒன்பதாவது கடையில் அந்த அப்பாவே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பரணிலிருந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய நாலு பிஸ்டனை எடுத்துப் போட்டார்.

பட்டறைப் பெரியவர் சொன்னது சரிதான். நாலில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு தௌ பெரியது. பிஸ்டனில் மார்க்கரால் எண் போட்டு, அந்தந்த பிஸ்டனுக்குத் தக்க அந்தந்தச் சிலிண்டரை வெட்டிக் கொடுத்தார். கிராங்கில் 10 தௌ கிரைண்டிங். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எரிந்து அரைவட்டமாகப் போயிருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் இது. 2000இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகு, வால்வு உட்கார இப்படி வார்ப்பிரும்பிலேயே வெட்டிய எக்ஸாஸ்ட் சீட்டுகள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். நாலுக்கும் கடினமான சீட் வளையம் அடித்து வாங்கினேன்.

போர் போட்டு வந்த பிளாக் பளபளவென்று இருக்கும், அப்படியே பூட்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. போரை இழைக்கும் ஹோனிங் கல்லின் பொடி போரின் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும், புது ரிங்கை ஒரே வாரத்தில் அரம் போட்டுவிடும். டீசலில் கழுவினால் அந்தப் பொடி போகாது, சோப்புத் தண்ணீரும் பிரஷும்தான். நான் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் வைத்துத் தேய்த்தேன். துடைக்கப் பட்டறைகளில் புழங்கும் பனியன் வேஸ்டை எடுக்காதீர்கள், நூல் விடும். மாமனாரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். தேய்த்துத் துடைக்கும் துணி சாம்பல் நிறம் காட்டாமல் வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். ஒன்பது முறை கழுவினேன். முடிந்ததும் உடனே ஆயில் தடவினேன், இல்லாவிட்டால் கண்முன்னே துரு ஏறும்.

ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு பொறித்த மெல்லிய தகடுகளால்) பார்த்தேன். ஒரு இன்ச் போருக்கு 3 அல்லது 4 தௌ என்பது பழைய கணக்கு. இந்த இரண்டரை இன்ச்சுக்கு 8லிருந்து 10. ஒரே ஒரு ரிங்கு 5 தௌ காட்டியது, அரத்தால் மெதுவாக இழைத்தேன். சூட்டில் ரிங்கு நீண்டு முனைகள் முட்டிக்கொண்டால் போரையே கிழித்துவிடும்.

இனி அந்தப் புல்லி விஷயம். கிராங்க் முன்பின் நகராமல் பிடிப்பது பின்பக்க மெயின் பேரிங்குக்கு இருபுறமும் உட்காரும் இரண்டு பிறை வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அழுத்தம் அதன் மேல்தான். பழைய வாஷரில் ஒன்று கத்தி போலத் தேய்ந்திருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் விழுந்திருக்கும். புதியதைப் போட்டு, கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி அளந்தேன், 6 தௌ. அருமை என்று மூன்று கேப்பையும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, பிஸ்டன் இறக்கி, டைமிங் செயின் மாட்டி, சம்ப்பும் போட்டு மூடியாகிவிட்டது.

இரவு படுக்கையில் போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷரின் ஒரு முகத்தில் ஆயில் நிற்பதற்குக் காடி வெட்டியிருக்கும், அந்த முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். மறுபக்கம் வெறும் இரும்பு. படத்தில் முன்பக்க வாஷரின் காடி பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது சுற்றும் கிராங்கோடு வெறும் இரும்பு உரசும். எப்படித் திருப்பிப் போட்டாலும் தடிமன் ஒன்றுதானே, அதனால் ஃபீலர் கேஜ் 6 என்றே சொல்லியிருக்கிறது. எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் என்ன தெரியும், சம்ப்தான் மூடியிருக்கிறதே. விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தேன்.

காலையில் சம்ப்பைக் கழற்றினேன். கார்க் பேக்கிங் கிழிந்தது. பின் கேப்பை எடுத்து, வாஷரைச் சுற்றி நகர்த்தி வெளியே எடுத்து, திருப்பி உள்ளே விட்டேன். வேலை இருபது நிமிடம்தான், புது பேக்கிங் கைக்கு வர இன்னொரு பதினெட்டு நாள். அந்த இடைவெளியில் உருப்படியாக ஒன்று செய்தேன். இந்த எஞ்சினின் முன்பக்கம் சம்ப்புக்கு மேல் ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. அதன் இருபக்க இடைவெளியையும் ஆயில் கசியாமல் அடைப்பது இரண்டு மரத்துண்டுகள். நிஜமாகவே மரம். இங்கிலாந்துக்காரன் ஆலையிலேயே அப்படித்தான் போட்டு அனுப்பினான். ஒன்று உளுத்துப் போயிருந்தது. பையனின் பழைய மர ஸ்கேலைச் செதுக்கி அடித்து, மேலே துருத்தியதைப் பிளேடால் சீவினேன். இன்றுவரை அந்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக முறுக்கினேன். டாப்பெட் இடைவெளி 10 தௌ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எந்த வால்வு எப்போது என்று குழம்ப வேண்டாம், ஒன்பது கணக்குப் போதும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் முதலாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

எஞ்சினை வண்டியில் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிவிட்டது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்ததும் பிளக் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று ஒரு வெடி, கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் டிரைவ் கியரை அரைச் சுற்று மாற்றி இறக்கியிருக்கிறேன். சரியாகச் செய்வதென்றால் அதை மறுபடி தூக்கி எடுக்க வேண்டும். நான் மூடியில் 1க்கும் 4க்கும், 2க்கும் 3க்கும் பிளக் வயர்களை மாற்றிச் சொருகினேன். அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்தவர்கள் திட்டுவார்கள், வயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

300 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஹெட்டை மறுபடி முறுக்கி, டாப்பெட் பார்த்த பிறகு குன்னூருக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் பர்லியாறில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது இந்த வண்டிக்கு 1966லிருந்து வழக்கம். மாமனார் வழக்கம் போல ஐந்து லிட்டர் கேனோடு ஏறி உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பர்லியாறு வந்ததும் “நிறுத்துங்க மாப்ளே” என்றார். இறங்கி ரேடியேட்டர் பக்கம் காதை வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. கடையில் மங்குஸ்தான் வாங்கி உடைத்துத் தின்றோம். கேன் தண்ணீரில் கை கழுவினார். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பின்பக்கம், கிளட்ச் மூடிக்குக் கீழே, ஒரு சொட்டு ஆயில் விழுந்து கிடந்தது. கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, திருகு போல வெட்டிய காடிதான் ஆயிலை உள்ளே திருப்ப வேண்டும், கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

“இது மட்டும் அப்படியேதானுங்க இருக்குது” என்று சொல்லி, திருப்தியாக ஏறி உட்கார்ந்தார்.