வாசலில் பதினெட்டு மில்லிமீட்டர்

லிஃப்ட் ஆய்வுக்குப் போகும் இடத்தில் எல்லாம் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "கயிறு அறுந்துடாதே சார்?" ஒரு கயிறு அறுந்தால் மற்றவை தாங்கும் என்று சொன்னால் பாதிப் பேர்தான் நம்புவார்கள். வேகம் எல்லை மீறினால் கவர்னர் என்ற வேகக் காவல் கருவி சுண்டிவிடும், நாம் நிற்கும் கூண்டின் அடியில் இருக்கும் சேஃப்டி கியர் என்ற பிடி, கூண்டு ஓடும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் மேடையில் ஏறி நின்று, தலைக்கு மேல் இருந்த கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது இந்தப் பயத்தைப் போக்கத்தான். இத்தனை வருஷம் கழித்தும் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

நான் குனிந்து பார்ப்பேன். என் அனுபவத்தில் லிஃப்டில் வரும் வில்லங்கம் பெரும்பாலும் வாசலில்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு லிஃப்ட் நினைத்தபோது ஓடும், நினைத்தபோது நிற்கும். ஏதோ ஒரு மாடியில் கதவுப் பூட்டின் கான்டாக்ட் சரியாகத் தொடவில்லை; எல்லா மாடிக் கதவும் பூட்டி அந்த மின்சுற்று முழுமையானால்தான் லிஃப்ட் நகரும். எந்த மாடி என்று கண்டுபிடிக்க, கன்ட்ரோல் பேனலில் சின்ன வயரை வைத்து அந்தச் சுற்றை ஷார்ட் பண்ணிப் பார்ப்பது வழக்கம். கண்டுபிடித்தேன், கான்டாக்டைச் சுத்தம் செய்தேன், பேனலை மூடினேன், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. கீழே வந்ததும் சீனியர் அண்ணன் கேட்டார்.

"தம்பி, எத்தனை வயர் எடுத்துட்டுப் போனே?"

"மூணுண்ணே."

"பையில எத்தனை இருக்கு?"

இரண்டு.

அவர் திட்டவில்லை. கீழே வாசலை மறித்துத் தடுப்பு வைத்தார். என்னை ஓரடி பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து பிடித்தபடி மேலிருந்து ஒருவரை அழைப்புப் பொத்தானை அழுத்தச் சொன்னார். கதவு திறந்திருக்க, கூண்டு மட்டும் என் கண்முன்னே மெல்ல ஏறிப் போனது. எதிரே கருப்பாகக் குழி. கிரீஸ் வாடை முகத்தில் அடித்தது. அப்புறம் படியேறிப் போய் அந்த வயரை எடுத்தது நான்தான்.

கதவுப் பூட்டின் கொக்கி குறைந்தது 7 மில்லிமீட்டர் உள்ளே மாட்டினால்தான் கூண்டு நகர வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலை. பின்னால் வந்த பதிப்பில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: கதவுச் சுற்றைத் தற்காலிகமாகத் தாண்ட வேண்டுமானால் அதற்கென்றே ஒரு ஸ்விட்ச், அது போட்டிருக்கும்போது கூண்டு நகர்ந்தால் ஒலியும் மினுக்கும் விளக்கும். அதைப் படித்தபோது என் மூன்றாவது வயர் ஞாபகம் வந்தது. என்னைப் போல எத்தனை பேர் மறந்திருந்தால் இப்படி ஒரு விதி எழுதியிருப்பார்கள்!

மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கதவை நெம்பிக் குதிக்காதீர்கள். கூண்டுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் கால் வழுக்கினால் நேரே குழிக்குத்தான். காற்றில்லாமல் போகாது, மணியை அடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

லிஃப்ட் ஆய்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் என்று ஒரு பகுதியும் உண்டு. நான் ஆய்வாளரான புதிதில் அது எனக்குப் படிவத்தின் கடைசிப் பக்கம். பொத்தான் உயரம், கைப்பிடி, அறிவிப்புக் குரல், எதிர்ச்சுவரில் கண்ணாடி என்று டிக் போட்டுக்கொண்டே போவேன். அந்தக் கண்ணாடி தலைசீவத்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திரும்ப இடமில்லாத கூண்டில் சக்கர நாற்காலியைப் பின்னோக்கி எடுப்பவர் வாசலைப் பார்ப்பதற்கு அது.

ஒரு முறை ஆய்வு நடக்கும்போதே சக்கர நாற்காலியில் ஓர் அம்மா வந்தார். கூண்டு வந்து நின்றது, மாடித் தரையைவிடக் கொஞ்சம் மேலே. ஸ்கேலை வைத்தேன்: 18 மில்லிமீட்டர். செருப்புக் கால் தட்டாத உயரம், நானாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அவருடைய முன்சக்கரம் இரண்டும் விளிம்பில் முட்டி நின்றன. பழகினவர் போல நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றி உள்ளே போனார். "ஏறிடுவேன் சார். எல்லா மாடியிலயும் ஒரே மாதிரி நிக்காது, அதான் தொந்தரவு" என்றார்.

எல்லா மாடியிலும் ஒரே மாதிரி இல்லை என்ற வார்த்தை என்னை மெஷின் ரூமுக்கு ஏற்றியது. பிரேக் லைனிங் தேய்ந்து, டிரம் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆள் அதிகமானால் ஒரு அளவு, காலியாக இருந்தால் ஒரு அளவு. நிற்கும் துல்லியம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை அதுவரை சௌகரியக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன். பிரேக் போகிறது என்பதை எங்கள் பதிவேட்டுக்கு முன்னால் அவருடைய சக்கரம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் எடுக்கிறேன்.

அப்படியும் தப்பியது ஒன்று உண்டு. வேறொரு கட்டடத்தில் பார்வையற்ற ஒருவரை அழைத்துப் போய் எல்லாம் சரிதானா என்று கேட்டேன். மேலே போவதற்கு ஒரு மணி, கீழே போவதற்கு இரண்டு மணி, சரி. குரல், சரி. பிரெயில் தகடுமேல் விரல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. சிரித்துவிட்டார்.

"சார், இதைத் தலைகீழா ஒட்டியிருக்காங்க."

ஆறு மாடியிலும் அப்படித்தான். நான்கு வருஷமாக, என் நான்கு கையெழுத்துக்கு அப்புறமும். அன்றைக்கே ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பி ஒட்டினோம். ஒவ்வொரு மாடியிலும் அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததுக்கு நகர்ந்தோம். மூன்றாம் மாடித் தகடு மட்டும் கழற்றும்போது உடைந்துவிட்டது, புதுசுக்கு எழுதிப் போட்டேன்.