நெஞ்செரிச்சல், ஈ.சி.ஜி., எண்டோஸ்கோபி: நான் கடந்து வந்தது

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக இருக்கிறேன். ஐரோப்பாவுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். பையர் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது போடும் மெயில் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்து விழும். ஷிப்மென்ட் நெருங்கினால் சாப்பாடு பதினோரு மணிக்கு, அதுவும் புரோட்டா சால்னா. சாப்பிட்ட கையோடு படுக்கை. பகல் முழுக்க பேக்கரி டீ. கழுத்துவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக். இந்த ஊரில் பாதிப் பேரின் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது.

நடு நெஞ்சில் எரிச்சல் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அது இடது தோள்வரை இறுக்கிப் பிடித்தது, கூடவே வியர்வை. பக்கத்து வீட்டு அண்ணன், "கேஸா இருக்குமுங்க, ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிரும்" என்றார். வீட்டம்மா கேட்கவில்லை, வண்டியில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது: ஜெலுசில் குடித்து வலி குறைந்தாலும் அது இதய வலி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வலி ஒரே இடத்தில்தான் தெரியும். அதனால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றுக்கு வருவார்கள்.

ஈ.சி.ஜி. போனவுடனே எடுத்தார்கள். நார்மல். வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தால் விடவில்லை. மாரடைப்பில் இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். ஆனால் அது ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். எனவே ஒருமுறை ரத்தம் எடுத்து, சில மணி நேரம் கழித்து இன்னொருமுறை எடுத்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் சரி. டிரெட்மில் டெஸ்ட்டுக்கு, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்ப்பதற்கு, வேறொரு நாள் வரச்சொன்னார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும், மூச்சு வாங்கும், ஆனால் பக்கத்திலேயே டாக்டர் நிற்பார். பயப்பட ஒன்றுமில்லை, ஷூ மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

இதயம் தப்பித்தது, ஆனால் முழுசாக இல்லை. பி.பி. அதிகம். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் ஏறியிருக்கலாம் என்று வீட்டிலேயே காலையும் மாலையும் ஒரு வாரம் பார்த்து எழுதி வரச்சொன்னார் டாக்டர். அப்படியும் இறங்கவில்லை. கெட்ட கொழுப்பும் கூடுதல். பி.பி.க்கு டெல்மிசார்ட்டான் ஒன்று, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் ஒன்று.

அடுத்தது எண்டோஸ்கோபி, வாய் வழியாக கேமரா குழாயை விட்டு வயிற்றைப் பார்ப்பது. முதல் நாள் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையில் ஒரு வளையத்தைக் கடிக்கச்சொல்வார்கள். குழாய் உள்ளே இறங்கும்போது ஓங்கரிப்பு வருகிறது. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் தாங்கலாம். சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. முன்சிறுகுடலில் புண். இரைப்பையிலிருந்து துளி சதை எடுத்து ஒரு மஞ்சள் நிறச் சோதனை வில்லையில் வைத்தார்கள், அது ரோஸ் நிறமானது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

பார்க்கிற எல்லோரும் "டென்ஷன்தான் காரணம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய காலத்து டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த கலவையைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ டென்ஷனுக்குப் பங்கே இல்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். "டென்ஷன் வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன்: டீ, தலைவலிக்கும் கழுத்துக்கும் மாத்திரை, லேட் சாப்பாடு. அவர் மாத்திரையில் வந்து நின்றார். டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தை அரிக்கும். கிருமியும் சேர்ந்தால் புண்ணுக்கான வாய்ப்பு இன்னும் கூடும். அதே மாத்திரை பி.பி.யை ஏற்றும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே ஏறும். மனம் பதறியிருந்தால் அந்த எரிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். டென்ஷன் நேராக வந்து குடலில் ஓட்டை போடவில்லை, நான் கையில் எடுத்த பொருள்கள் வழியாகத்தான் வேலை செய்தது என்று எனக்குப் புரிந்தது. டென்ஷனை ஒழி என்றால் நான் வேலையைத்தான் ஒழிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்து என்றால் செய்ய முடியும்.

கிருமிக்கு 14 நாள் கோர்ஸ்: இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. ஆன்டிபயாடிக்கில் ஒன்றான கிளாரித்ரோமைசின் வாயில் தரும் கசப்பு சாமானியமானதல்ல, காசை வாயில் போட்டுச் சப்புவது போலிருக்கும். நடுவில் விட்டுவிடத் தோன்றும். விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அட்டோர்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் சேரக்கூடாது என்பதால் கொழுப்பு மாத்திரையை அந்த இரண்டு வாரமும் நிறுத்திவைக்கச் சொன்னார் டாக்டர். வெவ்வேறு டாக்டர்களிடம் போகிறவர்கள் எல்லாச் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

கோர்ஸ் முடிந்து ஒரு மாதம் கழித்து மலப் பரிசோதனை. அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அந்த இரண்டு வாரம் கொஞ்சம் கஷ்டம். ரிசல்ட் நெகட்டிவ்.

கழுத்துவலி போகவில்லை. ஃபிசியோதெரபி பார்த்தேன், மானிட்டரை உயர்த்தி வைத்தேன், தாங்காத நாளில் பாராசிட்டமால். ராத்திரி வரும் போன் கால்களை நானும் இன்னொரு மெர்ச்சண்டைசரும் வாரம் மாற்றி வாரம் எடுக்க முதலாளி ஒத்துக்கொண்டார். என் வாரத்தில் ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். பையர் இதுவரை எந்தக் குறையும் சொல்லவில்லை.