விடுபட்ட வாரங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலையை அப்பா வாராவாரம் நோட்டில் எழுதிவைப்பார். உறைபனியால் பறிப்பு நின்ற வாரங்களில் கட்டம் காலியாக இருக்கும். முதுகலைப் பொருளியல் ஆய்வுக்காக அவ்விலைகளை நிலைவெளி மாதிரியில் (நேரடியாகத் தெரியாத மட்டத்தைப் பிழை கலந்த அளவீடுகளிலிருந்து மதிப்பிடும் புள்ளியியல் மாதிரி) இட்டபோது, காலிக் கட்டங்களில் முந்தைய வார விலையையே நிரப்பினேன். நான் பயன்படுத்திய திறமூல மென்பொருளின் விளக்கக் குறிப்பில், விடுபட்ட தரவு ஏற்கப்படும் என்ற ஒற்றை வரிதான் இருந்தது. நிரப்பிய வாரங்களில் விலை அசையவேயில்லை என்று மாதிரி எடுத்துக்கொண்டு, விலைமட்டத்தின் நகர்வைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்பது எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று.

குறிப்பில் இல்லாத எடுத்துக்காட்டை நானே எழுதி, அம்மென்பொருளை உருவாக்குவோருக்கு அனுப்பினேன். அதைப் பரிசீலித்தவர், யார் வேண்டுமானாலும் இயக்கிப் பார்க்கத்தக்க பொதுத் தரவு வேண்டும் என்றார். அப்பாவின் நோட்டை விட மனமில்லை. ஆனாலும் பரிசீலித்தவர் சொன்னது நியாயம். எனவே அஸ்வானில் 1871 முதல் 1970 வரை பதிவான நைல் நதியின் ஆண்டு நீரோட்டத்துக்கு மாறி, 1891 முதல் 1910 வரையிலான இருபது ஆண்டுகளை வேண்டுமென்றே அழித்தேன்.

அளவீடு இல்லாத ஆண்டில், மட்டத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டுச் செல்லும் கணக்கீட்டு முறையான கால்மன் வடிகட்டி தன் கணிப்பைத் திருத்தும் படியைத் தாண்டிவிட்டு, முன்கணிப்பை மட்டும் செய்கிறது. அதனால் நீரோட்ட மட்டத்தின் மதிப்பீட்டில் உள்ள மாறுபாடு (ஐயத்தின் அளவு; திட்டவிலக்கத்தின் வர்க்கம்) ஒவ்வோர் ஆண்டும் நகர்வின் மாறுபாடான 1,469 அளவுக்குக் கூடுகிறது. முழுத் தரவில் கிடைத்த மதிப்புகளை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், 1890இல் ஏறத்தாழ 4,032 ஆக இருந்தது 1910இல் 33,400ஐத் தாண்டுகிறது; திட்டவிலக்கம் 63இலிருந்து 183 ஆகிறது. ஓர் அலகு என்பது பத்துக் கோடி கன மீட்டர். இந்த எண்களைக் கையாலேயே கூட்டிப் பார்க்க முடிவதால்தான் அவற்றை எடுத்துக்காட்டில் வைத்தேன். இருபுறத் தரவையும் பயன்படுத்தும் சீராக்கியிலோ ஐயம் இடைவெளியின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, இரு கரைகளை நோக்கியும் குறைகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டச் சொன்னதும் பரிசீலித்தவரே. அதற்குப் பிறகுதான் எனக்கே அந்த வேறுபாடு தெளிவாயிற்று.

நான்கு முறை திருத்தியபின் எடுத்துக்காட்டு ஏற்கப்பட்டது. இப்போது அதே குறிப்புக்காக மாறிலி உறுப்பைப் பற்றிய பத்தியை எழுதிவருகிறேன்: தன்தொடர்புக் கெழு (முந்தைய மதிப்பில் அடுத்ததற்குச் செல்லும் பங்கு) 0.8, ஒவ்வொரு முறையும் கூட்டப்படும் மாறிலி 2 என்றால் தொடரின் சராசரி 2 அன்று, 10 என்பதை அங்கே ஒரு வரியிலாவது சொல்லியாக வேண்டும்.