எலும்போடு ஹாம், ஓவனில்

அமெரிக்கக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் குவித்து வைக்கும் ஹாம் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. பன்றியின் பின்தொடையில் உப்பும் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பும் கலந்த நீரை ஏற்றி, புகையூட்டி வேகவைத்துத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். ஓவனில் நமக்கு மிச்சமுள்ள வேலை அதைக் காயவிடாமல் சூடாக்குவது. பச்சைக்கறி என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாட்டினால் நார்நாராக வரும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். முழுவதும் வெந்தது என்றிருந்தால் நடுக்கறி 60 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும். சமைத்தே உண்ண வேண்டியது என்றிருந்தால் 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடமாவது ஆற வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. நைட்ரைட் போட்ட கறி வெந்தபிறகும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். ஆகவே தெர்மாமீட்டர் கட்டாயம். முனை எலும்பில் படக்கூடாது, பட்டால் தப்புக் கணக்குக் காட்டும்.

3 கிலோ அரை ஹாம் வாங்குவதானால் முழங்கால் பக்கத்துத் துண்டைக் கேளுங்கள். அதில் ஓடுவது ஒரே நேர் எலும்பு, அரிவது சுலபம். இடுப்புப் பக்கத்தில் கறி கூடுதல்தான், ஆனால் கோணல் எலும்பைச் சுற்றிக் கத்தி திண்டாடும். வாங்கும்போதே துண்டு போட்டு வருவது வசதி, ஆனால் வெட்டு வழியே ஈரம் போய் சீக்கிரம் காய்ந்துவிடும்.

உறையைப் பிரித்ததும் எலும்பு முனையைத் தடவிப் பாருங்கள். பல ஹாம்களில் அங்கே பிளாஸ்டிக் மூடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நிறமில்லாததால் கண்ணில் படாது, ஓவனில் உருகும்.

தோல் இருந்தால் உரித்துவிட்டு, கொழுப்பை அரை சென்டிமீட்டர் விட்டு வையுங்கள். அந்தக் கொழுப்பில் மட்டும் டைமண்ட் கட்டமாகக் கீறுங்கள். கத்தி கறிக்குள் இறங்கினால் சாறு ஒழுகும். வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, ஃபாயிலால் காற்றுப் புகாமல் மூடி, 160 டிகிரி ஓவனில் வையுங்கள். கிலோவுக்கு 40 முதல் 50 நிமிடம். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

கிளேஸுக்கு, அதாவது மேலே பூசும் இனிப்புப் பாகுக்கு, பிரவுன் சுகர் 200 கிராம், டிஜான் கடுகு விழுது 2 மேசைக்கரண்டி, ஆப்பிள் வினிகர் 2 மேசைக்கரண்டி, கிராம்புத் தூள் கால் தேக்கரண்டி. கரண்டியின் முதுகில் ஒட்டும் வரை கொதிக்க விடுங்கள். பிரவுன் சுகருக்குப் பதில் வடிகட்டிய வெல்லப்பாகும் பொருந்தும். தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக வற்றவைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கறி சூடேறுவதற்குள் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். நடுக்கறி 52 டிகிரி வந்தபின் ஃபாயிலை எடுத்து, ஓவனை 200க்கு ஏற்றி, 7 நிமிடத்துக்கு ஒருமுறை பூசி 20 நிமிடம் விடுங்கள். ஓரம் குமிழியிட்டுப் பளபளக்கும்போது, தெர்மாமீட்டரும் 60 (சமைத்தே உண்ண வேண்டிய ஹாமானால் 63) காட்டினால் எடுத்துவிடலாம். பச்சை அன்னாசியை அடுக்கி வெகுநேரம் ஊறவிடாதீர்கள், அதிலுள்ள என்சைம் மேல்கறியைக் குழைத்துவிடும். டின் அன்னாசியில் அந்தத் தொல்லை இல்லை.

20 நிமிடம் ஆறியபின் அரியுங்கள். மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள் தாங்கும். எலும்பைப் பட்டாணிப் பருப்பு சூப்பில் போடலாம். தட்டில் வடிந்த சாற்றை அதில் ஊற்றுமுன் மட்டும் ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள், சில ஹாமில் உப்புக்கண்டம் போலக் கரிக்கும்.