வீடு பார்க்கப் போனால் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

வீடு வாங்கும் எண்ணத்தோடு பார்க்கப் போகிறவர்களில் பலர் அறைகளை எண்ணி, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். உடன் வரும் தரகர் பேச்சை நிறுத்தாதவராக இருந்தால் அதுவும் அரைகுறைதான். உறவினர்களோ நண்பர்களோ துணைக்கு அழைக்கும்போது நான் பார்ப்பது வேறு: அந்த வீட்டுக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை. ஏனென்றால், பின்னாளில் பணத்தை விழுங்கும் பழுதுகளின் காரணத்தைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஈரத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மேலிருந்து தொடங்குவதே முறை. கூரை தட்டையான தளமாக இருந்தால் அதன் வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை இல்லாத நாளிலும் நீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் விளிம்பு கட்டிய அழுக்குக் கறை காட்டிக்கொடுத்துவிடும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை நெருங்கிப் பாருங்கள், கசிவு அதிகம் தொடங்குவது அங்கேதான். பிறகு கீழே இறங்கி, அந்த இடத்துக்கு நேர் அடியில் உள்ள அறையின் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். வீடு முழுவதும் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுப் பூச்சு பளிச்சென்று இருந்தால், ஏன் என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

சுவரில் ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம் வரை மட்டும் ஓதம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், அது மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சிய ஈரமாக இருக்கக்கூடும். மேலே பெயின்ட் அடித்து இதைச் சரிசெய்ய முடியாது. சுவரின் நடுவில் திட்டாகத் தெரிந்தால் அதற்குப் பின்னால் குளியலறையோ குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிகளைத் திறந்து உள்ளே பின்பக்கச் சுவரைக் கையால் தடவுவதும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து முகர்ந்து பார்ப்பதும் சிலருக்குக் கூச்சமாக இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறவருக்கு அந்தக் கூச்சம் எதற்கு? எல்லா அறைகளிலும் வாசனைத் திரவம் தெளித்து வைத்திருந்தால், கதவு ஜன்னல்களைச் சிறிது நேரம் மூடிவைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கலாம். பூசண வாடை இருந்தால் அதற்குள் எழும்பிவிடும்.

கான்கிரீட்டில் ஈரம் செய்யும் வேலை இதைவிடக் கொடியது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு மூல இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. கம்பி போகும் திசையிலேயே ஓடும் நேர்க்கோட்டு விரிசலும், பழுப்புக் கறையும், தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும் பகுதியும் அதன் அறிகுறிகள். தூணிலோ உத்தரத்திலோ இவற்றைக் கண்டால், விலை குறைகிறது என்பதற்காக மனம் இளகக் கூடாது என்பது என் கருத்து.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பூச்சு காயும்போது விழும் மயிரிழை விரிசல், அதாவது 1 மில்லிமீட்டருக்கும் குறைவானது, பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல இறங்குவது, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருப்பது, சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் தெரிவது ஆகியவைதான் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம் என்று ஐயப்பட வைப்பவை. அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொறியாளர் பார்க்காமல் பேச்சைத் தொடர வேண்டாம். அந்த அறையின் கதவு நிலையில் உரசுகிறதா என்றும் ஒருமுறை மூடிப் பாருங்கள்.

குழாய்களைச் சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று ஐயப்படலாம். மேல்மாடியில் இரண்டு குழாய்களை ஒருசேரத் திறந்து வேகம் குறைகிறதா என்று பார்த்து, குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றினால், அது வடிகாலைத் தேடிப் போகிறதா, சுவரோரம் ஒதுங்குகிறதா என்பது உடனே தெரியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, உயிர்காக்கும் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா என்பதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். வீடுகளில் வழக்கமாக 30 மில்லியாம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் வகையைப் பொருத்துவார்கள். வெளிச்சம், இரைச்சல், வண்டி நிறுத்த இடம் இவற்றுக்கு இரவில் ஒரு தரம் அந்தத் தெருவுக்குப் போய் வந்தாலே போதும்.

இவ்வளவுக்கும் பிறகு வீடு பிடித்திருந்தால், விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரை நீங்களே அமர்த்தி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை வந்து பார்க்கலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். தாராளமாக வாருங்கள் என்று சொல்பவரும் உண்டு. வேறொருவர் இன்றைக்கே பணம் கட்டத் தயாராக இருக்கிறார் என்று அவசரப்படுத்துபவரும் உண்டு. இரண்டாமவரிடம், அந்த வேறொருவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.